சிலுவை எடுத்தவனிடம் லைசென்ஸ் கேட்டவள்

எங்கள் ஊரில் சிலுவை எடுத்தவனிடம் யாரும் எதற்கும் சான்று கேட்பதில்லை. தாம்பாவுக்குப் பக்கத்தில், கடல்பஞ்சு எடுக்க வந்த கிரேக்கர்கள் குடியேறிய கடலோர ஊர் இது. ஜனவரியில் திருக்காட்சித் திருநாளன்று ஆயர் வெள்ளைச் சிலுவையைக் குடாவில் எறிவார். பள்ளி முடிக்கும் வயதுப் பையன்கள் குளிர்ந்த தண்ணீரில் பாய்வார்கள். ஒருவன் கையில் அது அகப்படும். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அந்த வருடம் முழுக்க அவனுக்கு ஆசீர்வாதம் என்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்த வருடம் முடிவதே இல்லை. தலை வழுக்கையானாலும், தொப்பை விழுந்தாலும் அவன் சிலுவை எடுத்தவன்தான். பாந்தெலிஸ் அப்படிப்பட்டவன்.

அவனிடம்தான் நான் லைசென்ஸ் நம்பர் கேட்டேன்.

அன்று காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவன் வண்டி எங்கள் வாசலில் நின்றிருந்தது. எனக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் இரவு வேலை. காலையில் வீட்டுக்கு வரும்போது சோப்புத்தூள் நாற்றம் என்னோடு வரும். யாரோடும் பேசப் பிடிக்காது. படுக்கை மட்டும்தான் வேண்டும். ஆனால் சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, அம்மாவின் அண்ணன் தெமெலிஸ் மாமா, பாந்தெலிஸ். காபி ஓடிக்கொண்டிருந்தது. எள் தூவிய வளைய ரொட்டிகள் தட்டில் இருந்தன. விருந்தாளிக்கு வைக்கிற தட்டு. கூரை போடுகிறவனுக்கு வைக்கிற தட்டு அல்ல.

மேலே கூரை இல்லாத இடத்தில் நீலத் தார்பாய் காற்றில் படபடத்தது. அக்டோபர்ப் புயல் வீட்டின் பின்பாதிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னது இவ்வளவுதான்: மார்ச் முடிவதற்குள் லைசென்ஸ் உள்ள ஆள் முழுக் கூரையையும் புதிதாகப் போட்டு, நகராட்சி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இன்சூரன்ஸ் ரத்து. அப்பா இறந்த பிறகும் வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வீட்டை வங்கி விட்டுவைக்காது. கூரைக்காக வந்த காசோலையும் ஒன்றுதான். இன்னொன்று வரப்போவதில்லை. தப்பான ஆள் கையில் அது போனால் அம்மாவுக்கு வீடு இல்லை.

"வாடி ஃபோத்தினி," என்றாள் அம்மா. "உக்காரு. பாந்தெலிஸ் திங்கக்கிழமையே ஆரம்பிக்கிறேன்னு சொல்றான்."

"யாருக்கு இவ்ளோ சீக்கிரம் கிடைக்குது?" என்றார் மாமா. "ஊரே வரிசையில நிக்குது. நம்ம பையன்கிறதால முன்னாடி வந்திருக்கான்."

மாமா பாந்தெலிஸின் ஞானத்தகப்பன். அவன் தலையில் எண்ணெய் தடவி ஞானஸ்நானம் கொடுக்கும்போது கையில் ஏந்தி நின்றவர். அவன் சிலுவை எடுத்த அன்று ஊரிலேயே அதிகம் அழுதவர் அவர்தான் என்று சொல்வார்கள். அவர்தான் அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

நான் உட்காரவில்லை. ஜன்னல் வழியே அவன் வண்டியைப் பார்த்தேன். கதவில் காந்தப் பலகை ஒட்டியிருந்தது. கம்பெனிப் பெயர், கூரைப் படம், கீழே ஒரு நம்பர்.

"உன் லைசென்ஸ் நம்பர் அதுதானா?"

அம்மா தேக்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

"என்னடி கேள்வி இது?"

"கூரை போட வந்தவன்கிட்ட கேக்குற கேள்விதான்மா."

"யார்கிட்ட கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?" மாமாவின் குரல் ஏறியது. "அந்த வருஷம் தண்ணி எவ்ளோ குளிரு தெரியுமா? மத்த பையனுங்கல்லாம் நடுங்கிட்டு நின்னானுங்க. இவன் போன வேகத்துல சிலுவை இவன் கைக்கு வந்துச்சு. அதைவிடவா உனக்கு லைசென்ஸ்?"

"அது நீச்சலுக்கு மாமா. நான் கூரைக்குக் கேக்குறேன்."

பாந்தெலிஸ் சிரித்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். "விடுங்க மாமா. நைட்டு முழுக்க முழிச்சிட்டு வர்றா. எழுதிக்கோ ஃபோத்தினி," என்று நம்பரை மனப்பாடமாகச் சொன்னான்.

மாநில அரசின் இணையப் பக்கத்தில் யாருடைய லைசென்ஸையும் பார்க்கலாம். கட்டணம் இல்லை. நம்பரைப் போனில் தட்டினேன். மூன்று பேரும் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் இருந்தது. நடப்பில் இருந்தது. கூரை வேலைக்கான லைசென்ஸ்தான். புகார் எதுவும் இல்லை.

"இருக்கா?" என்றார் மாமா.

"இருக்கு."

"அப்ப மன்னிப்புக் கேளு."

"இருக்கு மாமா. ஆனா பேரு டென்னிஸ் ஹாரல்னு போட்டிருக்கு."

பாந்தெலிஸ் ரொட்டியைக் காபியில் தோய்த்தான். "அவர் என் பார்ட்னர். கம்பெனியே அவர் லைசென்ஸ்லதான் ஓடுது. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. சட்டப்படிதான்."

அதுவும் பொய் இல்லை. ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பாக இருந்தால் போதும். எனக்கு அது தெரியும். அதனால் வாயை மூடினேன். மாமா நாற்காலியில் சாய்ந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பாந்தெலிஸின் கோப்பையை நிரப்பினாள். அதுதான் மன்னிப்பு. என் சார்பாக அவளே கேட்டுவிட்டாள்.

அப்போது அவன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். "அத்தை, இது நகராட்சிக்கு. வீட்டுக்காரங்க நீங்களே பெர்மிட் எடுக்குற மாதிரி ஒரு கையெழுத்து. காண்ட்ராக்டருங்க வரிசை ரொம்ப நீளம். வீட்டுக்காரங்க போனா சீக்கிரம் முடியும்."

அம்மா பேனாவை எடுத்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. நான் தாளின் மேல் கையை வைத்தேன்.

"கையை எடு."

"எடுக்குறேன். அதுக்கு முன்னாடி இதுல என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டுறேன். கேட்டுட்டுப் போடு."

"படிப்பைப் பாதியில விட்டவ படிச்சுக் காட்டப் போறாளாம்," என்றார் மாமா.

"பாதி படிச்சவளுக்கே இது புரியுது மாமா. முழுசாப் படிச்சவங்க யாராவது இங்க இருக்காங்களா?"

யாரும் இல்லை. நான் படித்து எங்கள் மொழியில் சொன்னேன். இந்த வீட்டின் காண்ட்ராக்டர் நானே. எனக்கு லைசென்ஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலையை நானே மேற்பார்வை செய்கிறேன். கூரையில் ஏறுகிற ஆட்கள் என் ஆட்கள். அவர்களுக்கு அடிபட்டால் நானே பொறுப்பு.

"இதெல்லாம் சும்மா எழுதுறது அத்தை," என்றான் பாந்தெலிஸ். "எல்லாத் தாள்லயும் அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

"உன் பார்ட்னருக்கு லைசென்ஸ் இருக்குல்ல?" என்றேன். "அப்ப பெர்மிட்டை அவர் பேர்ல எடு. எங்க அம்மா எதுக்குக் காண்ட்ராக்டர் ஆகணும்? அவங்களுக்கு ஏணில ஏறினாலே தலை சுத்தும்."

"சொன்னேனே, வரிசை..."

"நாங்க காத்திருக்கிறோம்."

அம்மா பேனாவை மூடினாள். கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சொல்றேன் பாந்தெலி. யோசிச்சுக்கிறேன்," என்றாள். அவன் எழுந்து அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். மாமா என்னைக் கடந்து போகும்போது, "உங்கப்பன் இருந்திருந்தா உன்னைக் கன்னத்துல அறைஞ்சிருப்பான்," என்றார்.

அப்பா என்னை ஒருபோதும் அறைந்ததில்லை. மாமாவைத்தான் ஒருமுறை அறைந்திருக்கிறார். அதை நான் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் இந்த ஊர்லதான் சாகணும். உனக்கென்ன, யாரோடயும் பேச மாட்டே, பகல்ல தூங்குவே. நான் கோயில்ல அந்த ஜனங்க பக்கத்துல நிக்கணும்."

"வீட்ல நிக்கணுமில்ல முதல்ல?"

அவள் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

நான் தூங்கவில்லை. ஹாரலின் கம்பெனிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாநிலப் பக்கத்தில் முகவரி இருந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளி, ஸ்ட்ராபெரி விளைகிற பக்கம். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் கண் சொருகியபோதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அலுவலகம் என்று எதுவும் இல்லை. வயலை ஒட்டி ஒரு பழைய வீடு. வாசலில் பெரிய உடம்போடு ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் பட்டி. பக்கத்தில் ஒரு நாய், அவரைவிடக் கிழடு.

"டென்னிஸ் ஹாரலா?"

"விக்க எதையும் கொண்டு வரலேன்னா ஆமா."

"பாந்தெலிஸைத் தெரியுமா?"

"அந்தக் கிரேக்கப் பையனா? தெரியுமே. நல்ல பையன். மாசம் தவறாம வந்து பாத்துட்டுப் போவான்."

"எதுக்கு வர்றான்?"

"பாக்கத்தான்." சிரித்தார். நம்பருக்கான வாடகை கையில் இல்லாமல் யாரும் மாதம் தவறாமல் வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவன் போட்ட கூரை ஒண்ணாவது நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?"

"அம்மணி, நான் இப்ப ஏறுற உசரமே இந்த வாசப்படிதான்." முழங்காலைத் தட்டிக் காட்டினார். "என்ன விஷயம்? நம்பர் சரியா இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு."

"என்மேல புகார் இருக்கா?"

"இல்ல."

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட இல்ல. பின்ன எதுக்கு இவ்ளோ தூரம் வந்தே?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஏறிய காலத்தில் ஒழுங்காக ஏறியிருப்பார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க அம்மா வீட்டுக் கூரையைப் பாந்தெலிஸ் போடப் போறான். உங்க லைசென்ஸ்ல. அதனால நகராட்சியில பெர்மிட்டை உங்க பேர்ல எடுத்துக் குடுங்க. நாளைக்கே அம்மா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவாங்க."

கிழவர் நாயைப் பார்த்தார். நாய் எதையும் பார்க்கவில்லை.

"என் பேர்லயா?"

"நம்பர் உங்களோடதுதானே?"

"அந்த வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஏறப் போற பசங்க யாருன்னு தெரியாது. ஆணி அடிக்கத் தெரிஞ்சவனுங்களா, நேத்து பஸ்ஸை விட்டு இறங்கினவனுங்களா? ஒருத்தன் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா என் வீட்டைப் பிடுங்கிடுவாங்க."

"எங்க அம்மா வீட்டைப் பிடுங்கினா பரவாயில்லையா?"

"நான் அப்படிச் சொல்லல."

"இப்பதான் சொன்னீங்க."

அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார முயன்றார். முழங்கால் விடவில்லை. "நீ என்ன வேணும்னாலும் கேளு அம்மணி. அதை மட்டும் கேக்காதே."

வண்டியைத் திருப்பும்போது அவர் கத்தினார். "அவன் கை மோசமில்ல! எங்கிட்ட ரெண்டு கோடைக்காலம் வேலை பாத்தான்! ஓடு ஒழுங்காத்தான் அடிப்பான்!"

இருக்கலாம். கை மோசமாக இருக்கிறது என்று நான் சொன்னதே இல்லை.

இரவு வேலைக்குப் போகுமுன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரி," என்றாள். "சரின்னா?" என்றேன். "சரின்னா சரி. போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான். அவள் என்ன முடிவு எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். அவள் கையெழுத்துப் போட்டால், வேலைக்கு வரும் முதல் ஆள் ஏணி வைக்கும்போது அந்த ஏணியின் அடிப்படியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் கூடத்துக்கு வந்தார்கள். கூடத்தின் நீளச் சுவர் முழுக்க சிலுவை எடுத்தவர்களின் படங்கள். ஈரத் தலை, நடுங்கும் வாய், உயர்த்திய கை. பாந்தெலிஸின் படம் காபிப் பாத்திரத்துக்கு நேர் மேலே. ஊர் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் காபி ஊற்றிக்கொள்ளும்.

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு செவஸ்தி, அவள் வீட்டிலும் தார்பாய்தான், என்னைக் கண்டதும் தட்டை வேறு மேசைக்கு நகர்த்தினாள். "போலீஸ் வந்தாச்சு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படி. "ரொட்டி சுட்டவகிட்டயும் லைசென்ஸ் கேப்பா பாரு."

"உன் ரொட்டிக்குக் கேக்க வேண்டியதுதான்," என்றேன்.

மாமா கூடத்தின் நடுவில் நின்று பாந்தெலிஸின் தோளில் கை போட்டிருந்தார். அவரே சத்தமாக ஆரம்பித்தார். "என் தங்கச்சி மக, இவன் பார்ட்னர் வீட்டுக்கே போய் விசாரிச்சிருக்கா. கிழவனைப் பயமுறுத்தியிருக்கா. ஹாரல் போன் பண்ணி இவன்கிட்ட அழாக் குறையா சொல்லியிருக்கார்."

"அழல மாமா. பெர்மிட் எடுக்க மாட்டேன்னு சொன்னார். அதையும் சொல்லுங்க."

"ஃபோத்தினி," என்றான் பாந்தெலிஸ். இப்போது சிரிக்கவில்லை. "உனக்கு என்மேல என்ன கோபம்? உனக்கு நான் என்ன பண்ணினேன்?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல. பண்ணவும் விட மாட்டேன்."

"எத்தனை கூரை போட்டிருக்கேன் இந்த ஊர்ல? ஒண்ணு ஒழுகுதான்னு கேளு!" கூடத்தைப் பார்த்துத் திரும்பினான். சிலர் தலையாட்டினார்கள். "என்னைத் தெரியாதவங்க யாராவது இங்க இருக்கீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. இவ்வளவு நேரம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்த அம்மா அதைக் கீழே வைத்தாள்.

"பாந்தெலி," என்றாள். "உன்னை எனக்குத் தெரியும். உங்கம்மா வயித்துல நீ இருந்ததுலேருந்து தெரியும். அந்த ஹாரலைத்தான் எனக்குத் தெரியாது."

"அத்தை, அவர் சும்மா பேருக்கு..."

"அதான். பேருக்கு." அம்மா அவன் அருகே போனாள். அவள் குள்ளம். அவன் மார்பு உயரம்கூட வர மாட்டாள். "என் புருஷன் கடல்பஞ்சு எடுக்கக் கீழே இறங்குவான். மேல படகுல ஒருத்தன் அவன் கயித்தைப் பிடிச்சுட்டு நிப்பான். மூச்சுக்கும் கயித்துக்கும் அவன்தான் பொறுப்பு. அவனுக்கு மூக்கு அரிச்சாக்கூட சொறிய மாட்டான். அவன் கரையில உக்காந்து கயிறு பிடிச்சதா எப்பவாவது கேள்விப்பட்டிருக்கியா?"

வயதான ஆண்கள் சிலர் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். அவர்கள் எல்லோரும் இறங்கியவர்கள், அல்லது பிடித்தவர்கள்.

"உன் கயித்தைப் பிடிக்கிறவன் எங்கேடா? ஸ்ட்ராபெரித் தோட்டத்துல உக்காந்திருக்கான். அவன் பிடிக்க மாட்டேங்கிறான். அந்தத் தாள்ல என்னைப் பிடிக்கச் சொல்றே."

"கிரிஸாந்தி," என்றார் மாமா, "இவன் சிலுவை எடுத்தவன்."

"தெரியும் அண்ணே. அந்த ஜனவரித் தண்ணிக்குள்ள முங்கி சிலுவையையே எடுத்தவன்." அவள் அவரைப் பார்க்கவில்லை, பாந்தெலிஸைத்தான் பார்த்தாள். "நகராட்சி ஆபீஸ் தரையிலதான் இருக்கு. நனையக்கூட வேண்டாம். போய் ஒரு பெர்மிட்டை உங்க கம்பெனி பேர்ல எடுத்துட்டு வா. அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். பாந்தெலிஸின் காது சிவந்தது. அவன் மாமாவின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வெளியே போனான். அவன் வண்டி கிளம்பும் சத்தம் கூடத்துக்குள் கேட்டது.

"இப்ப திருப்தியா?" என்று மாமா கேட்டது என்னை அல்ல, அம்மாவை.

"இல்ல," என்றாள் அம்மா. "கூரை இன்னும் வரல."

காரில் ஏறியதும் அம்மா கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் பாராட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒரு வார்த்தை பேசினே, இறங்கி நடந்தே போயிடுவேன்," என்றாள். வண்டியை எடுத்தேன்.

அதன் பிறகு எதுவும் எளிதாக நடக்கவில்லை. லைசென்ஸ் உள்ளவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் கோடையில் வருகிறோம் என்றார்கள். தார்பாய் இரண்டு தடவை கிழிந்தது. வீட்டுக்குள் வாளிகள் வைத்தோம். வாளியில் விழும் ஒவ்வொரு சொட்டும் அம்மா என்னைத் திட்டுவது போல இருந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. மாமா எங்கள் தெரு வழியாக வருவதை நிறுத்தினார். கோயிலில் அம்மாவின் இருபுறமும் இடம் காலியாக இருந்தது. அவள் கைப்பையை ஒரு பக்கமும் மேலங்கியை இன்னொரு பக்கமும் வைத்து அந்த இடத்தை நிரப்பினாள்.

ஹாரல், பாந்தெலிஸ் இரண்டு பேர் மேலும் மாநில அரசுக்குப் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பாந்தெலிஸின் வண்டி ஊருக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காந்தப் பலகையை மட்டும் கழற்றியிருந்தான்.

கடைசியில் தாம்பாவிலிருந்து ஒரு பெண் கிடைத்தாள். யானெய்சி, கியூபாக்காரி. பேச்சில் தேன் கிடையாது. "மார்ச்சுக்குள்ள முடியும். முடியாதுன்னா முன்னாடியே சொல்லியிருப்பேன்," என்றாள். அவள் கொடுத்த நம்பரைத் தேடினேன். நம்பர் இருந்தது, பெயரும் அவளுடையது. பெர்மிட்டை அவளே எடுத்தாள். நகராட்சி கொடுத்த அட்டை எங்கள் முன் ஜன்னலில் ஒட்டப்பட்டது, தெருவில் போகிற எவரும் படிக்கும்படி. காண்ட்ராக்டர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இல்லை.

அவள் ஆட்களோடு வந்த காலை தெருவே வாசலுக்கு வந்தது. எதிர்ச் சாரியில் மாமாவும் நின்றிருந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. யானெய்சி ஏணியைச் சார்த்தி முதல் படியில் காலை வைத்தாள்.

"இரு," என்றாள் அம்மா.

உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னல் அட்டைக்கு முன்னால் நின்று, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி யானெய்சியின் பெயரைப் படித்தாள். இங்கிலீஷ் படிக்க வராதவள் அதை மட்டும் படித்தாள். வாரம் முழுக்கப் பழகியிருப்பாள் போல.

"உன் கார்டைக் காட்டு."

"அம்மா, நேத்தே பாத்தாச்சு," என்றேன்.

"நீ பாத்தே. நான் பாக்கல."

யானெய்சி முகத்தைச் சுளித்தாள். பிறகு பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அம்மா அதை வாங்கி, அட்டையிலிருந்த முகத்தையும் ஏணியிலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. எதிர்ச் சாரியில் நின்ற ஒவ்வொருவரும் நன்றாகப் பார்க்கும் வரை பார்த்தாள்.

"வேலை நடக்குறப்போ நீ இங்க இருப்பியா?"

"இல்லாம எங்க போவேன்?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஏறு," என்றாள்.

மார்ச் முடியும் முன் நகராட்சி ஆய்வாளர் வந்து ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் தங்கியது. வீடு தங்கியது. மாமா இன்னும் பேசவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள், நான் நல்ல தூக்கத்தில் இருந்தபோது போன் அடித்தது. யாரும் பகலில் என்னைக் கூப்பிட மாட்டார்கள், விளம்பரக்காரர்களைத் தவிர. எடுத்தேன். செவஸ்தி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. கதவைத் தட்டினால் போதும். ஆனால் தெரு பார்க்கும்.

"நான் கூப்பிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் தாழ்ந்த குரலில். "பாந்தெலிஸ் நாளைக்கு வரான். அந்த நம்பரை எங்கே பாக்குறது?"

"நம்பர் சரியாத்தான் இருக்கும். அதைப் பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. பெர்மிட்டை அவங்க கம்பெனி பேர்ல எடுப்பானான்னு கேளு."

"நான் எப்படிக் கேக்குறது? அவன் சிலுவை எடுத்தவன்."

"அப்ப நனைஞ்சுக்கோ," என்று போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

கண் மூடுவதற்குள் மறுபடி அடித்தது.

"ஏய், வைக்காதே," என்றாள் செவஸ்தி. "அவன்கிட்ட இல்ல, அங்கேயே போய்க் கேட்டுக்கிறேன். அந்த நகராட்சி ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்?"